கரடிக் காட்டுக்கு லீவர் ஆக்‌ஷன் துவக்கு: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது?

கேள்வி: பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்குப் பக்கம் தனியாக மீன்பிடிக்கவும் முகாம் போடவும் போக ஆசை. கரடிப் பாதுகாப்புக்கு லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று வாங்க யோசிக்கிறேன். எது நல்லது? வாங்கியபின் எப்படிச் சோதித்துப் பார்ப்பது? ஸ்கோப் தேவையா?

பதில்:

இந்தக் கேள்விக்குக் கீழே ஒருவர், "கரடி இருக்கிற இடத்துக்கு ஏன் போகிறீர்கள்? யுத்தத்தில் இருந்து தப்பி வந்த சனத்துக்குத் துவக்கு எதற்கு?" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ரொறன்ரோவில் நான் போகிற ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒரு பெரியம்மா இதையேதான் கேட்பார். நான் வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்மிதர்ஸ் பக்கம் கனிம ஆய்வுக் குழுக்களோடு மலையில் மண் மாதிரி எடுக்கிற வேலை செய்கிறேன். கரடி இல்லாத இடத்தில் எனக்கு வேலை இல்லை. என் அம்மப்பா வன்னியில் வயலுக்குப் பன்றி வராமல் காக்க இடியன் துவக்கு வைத்திருந்தவர். அந்தக் காட்டிலும் கரடி உண்டு. தேன் எடுக்கப் போய் முகம் கிழிபட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காட்டில் வேலை செய்கிறவன் கையில் ஒரு கருவி இருப்பதற்கும் யுத்தத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். லீவர் ஆக்‌ஷன் என்றால் விசையைச் சுற்றியுள்ள வளையப் பிடியை (லீவர்) முன்னும் பின்னும் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற துவக்கு. நீங்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் 80 சதவீதமாவது எடுத்து, உரிமமும் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். கைத்துப்பாக்கி யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். 2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் சாதாரண ஆட்கள் அதை வாங்க வழியில்லை. பான்ஃப், ஜாஸ்பர் போன்ற தேசியப் பூங்காக்களில் எந்தத் துவக்கையும் கையில் வைத்துக்கொண்டு திரிய முடியாது. அங்கே கரடியின் முகத்தில் அடிக்கிற மிளகாய் ஸ்பிரே மட்டும்தான்.

ஸ்பிரே என்றதும் சொல்லிவிடுகிறேன். துவக்கு வாங்கினாலும் அதை விடாதீர்கள். அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடியை ஸ்பிரே 92 சதவீதம் தடுத்திருக்கிறது. அதே ஆய்வாளர்கள் 2012-இல் துவக்கு பயன்பட்ட 269 சம்பவங்களைப் பார்த்தபோது நீளத் துவக்கு 76 சதவீதம்தான் வேலை செய்திருந்தது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, சம்பவங்கள் வேறு வேறு, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த 76-ஐ நான் எடுத்துக்கொள்கிற விதம் இதுதான்: நேரம் கிடைக்காதது, குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கிற அறையில் தோட்டா ஏறாதது, பதறிப் போய் குறி தப்பியது, சிக்கிக்கொண்டது, இப்படித்தான் துவக்கு கைவிடுகிறது. கலிபர் (தோட்டாவின் பருமன்) சிறிதாக இருந்ததால் செத்தவனைவிட, கையில் இருந்ததை இயக்கத் தெரியாமல் அடிபட்டவனே அதிகம் என்றுதான் நான் நம்புகிறேன். அதனால்தான் எதை வாங்குவது என்பதைவிடச் சோதிப்பதைப் பற்றி நிறைய எழுதப் போகிறேன்.

வாங்குவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிஸ்லி (பழுப்புக் கரடி) இருக்கிற இடம் என்றால் .45-70 தோட்டா சுடுகிற துவக்கு. அமெரிக்க இராணுவம் 1873-இல் எடுத்த பழைய தோட்டா அது. 405 கிரெயின், அதாவது 26 கிராம் ஈயத்தைத் தள்ளும். கிட்ட வைத்து அடிக்க அதைவிட நம்பிக்கையான ஒன்றை நான் தூக்கியதில்லை. அதற்கு இங்கே ஆய்வுக் குழுக்காரர் அதிகம் வைத்திருப்பது மார்லின் 1895. மார்லினை 2007-இல் ரெமிங்டன் வாங்கியது. ரெமிங்டன் திவாலானபோது 2020-இல் ரூகர் வாங்கி, அடுத்த ஆண்டு கடைசியில் மறுபடி விற்பனைக்கு விட்டது. ரூகர் செய்கிற எஸ்பிஎல் வகை துருப்பிடிக்காத எஃகு, 19 அங்குலக் குழல், குழலுக்குக் கீழே உள்ள குழாய்க்குள் 6 தோட்டா. எடை 3.3 கிலோ அளவு. மழையில் ஊறுகிற கடற்கரை மலைகளுக்கு இது பொருந்தும். நடுவில் ரெமிங்டன் காலத்தில் வந்தவற்றைப் பற்றி நிறையப் பேர் குறை சொல்வார்கள். அப்படி ஒன்று மலிவாகக் கிடைத்தால் ஒதுக்க வேண்டாம், ஆனால் கீழே சொல்கிற எல்லாவற்றையும் செய்து பார்க்காமல் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கருங்கரடி மட்டும் உள்ள இடமென்றால் .44 மேக்னம் தோட்டா போதும். துவக்கும் சின்னது, உதையும் குறைவு. ஹென்றி நிறுவனத்தின் துவக்கை வாங்கினால் தோட்டா போடப் பக்கவாட்டுக் கதவு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அவர்களின் பழைய வகைகளில் முன்பக்கக் குழாயை இழுத்துத்தான் தோட்டா போட வேண்டும், அவசரத்தில் கஷ்டம். அதே குழாய், தோட்டாவைக் கழற்றும்போது பெரிய வசதி, அதையும் சொல்ல வேண்டும். மார்லினில் லீவரை அடித்து அடித்து ஒவ்வொன்றாக அறை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். வாகனத்தில் ஏறும் முன் சட்டப்படி துவக்கு காலியாக இருக்க வேண்டும் என்பதால், இது தினமும் பல தடவை வரும். விசையில் இருந்து விரலை எடுத்துவிட்டு, குழலை ஆள் இல்லாத மண்பக்கம் திருப்பி வைத்து, நிதானமாகச் செய்யப் பழகுங்கள்.

"12 கேஜ் பம்ப் ஷாட்கன்னில் ஸ்லக் (ஒற்றைப் பெரிய குண்டு) போட்டால் பாதி விலையில் வேலை முடியுமே" என்று வேட்டைக்காரர் யாராவது வருவார். முடியும். நானும் தூக்கியிருக்கிறேன். நம்பர் ஒன் துவக்கு லீவர்தான் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கேட்டவர் லீவரைப் பற்றிக் கேட்டார், அதற்குத்தான் பதில்.

இனிச் சோதனை. கடையில் இருந்து வந்த அன்றே மருந்தில்லாத டம்மி தோட்டா வாங்கி வீட்டில் உட்கார்ந்து ஓட்டுங்கள். லீவரை முன்னால் கடைசி வரை தள்ளி, பின்னால் கடைசி வரை இழுக்க வேண்டும். பாதியில் திருப்பினால் சிக்கும். மெதுவாக ஒரு தடவை, வேகமாக ஒரு தடவை, துவக்கைத் தோளில் இருந்து எடுக்காமல் ஒரு தடவை. தடிப்பான கையுறை போட்டுக்கொண்டு வளையத்துக்குள் விரல் நுழைகிறதா பாருங்கள். பழைய மார்லின்களில் தோட்டாவைத் தூக்குகிற தட்டின் விளிம்பு தேய்ந்துபோனால் இரண்டாவது தோட்டா அதற்குக் கீழே நழுவி வந்து முழுத் துவக்கையும் பூட்டிவிடும். லீவர் ஆணியைக் கழற்றினால்தான் விடுபடும். அந்த ஆணிக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளி ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும்.

அப்புறம் மைதானம். இங்கேதான் என் அனுபவம். எனக்குக் கிடைத்தது ஒருவர் பாவித்த துவக்கு, நிறுவனப் பெயர் வேண்டாம். சரளைக்கல் தோண்டிய ஒரு பள்ளத்துக்கு என் குழுத் தலைவரோடு போனேன். முதலில் மென்மையான 405 கிரெயின் தோட்டா. குழாயை நிரப்பி, வேகமாக, மெதுவாக, துவக்கைச் சரித்து, தலைகீழாகப் பிடித்துக்கூட ஓட்டினோம். ஒரு பிசகும் இல்லை. பிறகு கரடிக்கென்றே விற்கிற 430 கிரெயின் தோட்டா, கடினமாக வார்த்த ஈயம், முனை அகலமாகத் தட்டையாக இருக்கும். குழாய் நிரம்பி இருக்கும்போது, ஒன்று சுட்டு அடுத்ததற்கு லீவரை அடித்தால் பாதியில் நின்றது. மறுபடி நிரப்பிச் சுட்டோம், மறுபடி அதே இடம். வெளியே எடுத்துப் பார்த்தால் ஈய முனையில் பிறை வடிவில் ஒரு வெட்டு. அறைவாயின் விளிம்பில் முனை போய்க் குத்தியிருக்கிறது. அதே பெட்டித் தோட்டா தலைவரின் துவக்கில் வெண்ணெய் போல ஓடியது. என் துவக்கில் ஓடவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெட்டியை அவருக்கே கொடுத்துவிட்டு, 405-ஐயே காட்டுக்கு எடுத்துப் போகிறேன். எந்தத் தோட்டாவைக் காட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்களோ, அதே பெயர், அதே எடை, அதே பெட்டியில்தான் சோதிக்க வேண்டும். விலை அதிகம் என்று பயிற்சிக்கு வேறு, காட்டுக்கு வேறு என்று வைத்தால் நீங்கள் சோதித்தது வேறு ஒரு துவக்கை.

கூர்முனைத் தோட்டா பற்றி ஒரு எச்சரிக்கை. குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். பின்னால் உள்ளதன் முனை முன்னால் உள்ளதன் வெடிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கடினமான கூர்முனை என்றால் உதையில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டை முனைதான் போட வேண்டும், இல்லையென்றால் ஹோர்னடி செய்கிற, முனை ரப்பர் போல அமுங்குகிற வகை. ப்ரௌனிங் பிஎல்ஆர் என்ற லீவர் துவக்கில் தோட்டா குழாயில் இல்லாமல் பெட்டிக்குள் நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு பெட்டி முடிந்ததும் ஆணிகளைத் தொட்டுப் பாருங்கள். .45-70 உதையில் எனக்கு முன்பக்க வளையத்தின் ஆணி கழன்று வந்தது. நீல நிறப் பூட்டுத் திரவம் ஒரு துளி வைத்து முறுக்கிய பிறகு இன்றுவரை அசையவில்லை. எண்ணெயை வழிய விடாதீர்கள், குளிரில் தடித்துப்போகும். ஒரு இரவு துவக்கைக் காலியாக வெளியே பனியில் வைத்துவிட்டுக் காலையில் லீவரை அடித்துப் பாருங்கள். குழல் வாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு நடங்கள். மழையும் சேறும் உள்ளே போகாது, சுடும்போது டேப் தானாகக் கிழியும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் அவசரப் பயிற்சி. கிரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 25 மீட்டர் தூரத்தை இரண்டு விநாடிக்குள் தாண்டிவிடும். எங்கள் தலைவர் ஒரு பழைய டயருக்கு நடுவில் அட்டையை அடைத்து, சரிவில் இருந்து பக்கவாட்டாக உருட்டிவிடுவார். அது எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. முதுகில் முழுப் பை, தோளில் வாரோடு துவக்கு, அறை காலி, குழாய் நிரப்பி. அவர் கத்தியதும் துவக்கை இறக்கி, தோளுக்குப் போகும் வழியிலேயே லீவரை அடித்து, சுட வேண்டும். உருட்டுகிறவர் உங்கள் பின்பக்கக் கோட்டுக்கு வந்த பிறகே சுட வேண்டும். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். பையின் வார் துவக்கின் வாரோடு சிக்குவதையும், மழைச்சட்டை தோளில் குவிந்து துவக்கின் பின்பகுதி சரியாக உட்காராமல் போவதையும் நான் கண்டுகொண்டது அங்கேதான். மேசையில் மணல்மூட்டை வைத்துக் குறிப்பலகையில் ஓட்டைகளை அழகாக ஒன்றாகச் சேர்க்கிறவனுக்கு இது ஒருநாளும் தெரியவராது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்கு மனம் ஆறாது. நான் முன்பு வேலை செய்த ஒரு ஒப்பந்தக்காரர், பல்கலைக்கழகம் முடித்து வந்த பெடியன்களின் கையில் துவக்கைக் கொடுத்து "நீதான் கரடிக் காவல்" என்று மலையில் இறக்கிவிடுவார். பயிற்சிக்குத் தோட்டா கேட்டால், "கோர்ஸ் முடித்திருக்கிறாய்தானே?" என்பார். அந்தக் கோர்ஸில் ஒரு உண்மையான தோட்டாகூடச் சுடத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் ஒரு முறையும் சுடாத துவக்கோடு மற்ற நாலு பேரின் உயிருக்குப் பொறுப்பாக நின்றார்கள். பனிமூட்டத்தில் ஹெலி வராமல் மேலே குந்தியிருந்த மணித்தியாலங்களுக்குச் சம்பளமும் வெட்டப்பட்டது. சப்பாத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன காசு கடைசிவரை வரவில்லை. துவக்கு வைத்திருப்பவனைக் கேள்வி கேட்கிறவர்கள், அதைப் பழகாத பிள்ளையின் கையில் திணிப்பவரையும் ஒருக்கா கேளுங்கள்.

கடைசியாக ஸ்கோப். கரடிப் பாதுகாப்புக்கு மட்டும் என்றால் வேண்டாம். மழையில் கண்ணாடி மூடிக்கொள்ளும், கிட்ட வந்த மிருகத்தை ஸ்கோப்புக்குள் தேடினால் மயிர் மட்டும்தான் தெரியும். பின்னால் பெரிய துளையுள்ள வளையக் குறி, முன்னால் வெள்ளைக் கோடு போட்ட தடித்த முனை, இதுதான் வேகம். 50 மீட்டரில் நடு வைத்துச் சரிசெய்தால் போதும். மான் வேட்டையும் சேர்த்து யோசிக்கிறீர்கள் என்றால் மேலே ஸ்கோப் பூட்டுகிற தண்டவாளம் உள்ள வகையாக வாங்கி, கழற்றிப் பூட்டக்கூடிய சின்ன ஸ்கோப் ஒன்று போடலாம். ஆனால் ஒவ்வொரு முறை கழற்றியபின்னும் வளையக் குறியில் ஒன்றிரண்டு சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். எந்தப் பக்கம் போகிறீர்கள், டெரேஸா, ஸ்டூவர்ட்டா, டீஸ் லேக்கா என்று கீழே எழுதினால், அந்த இடத்துக்குத் தோட்டாவையும் சேர்த்துச் சொல்கிறேன்.