சின்ன குரூஸரில் தூரப் பயணம் போகலாமா? வடசென்னை வாசகர்களுக்குப் பதில்கள்

என்னிடம் இருப்பது பஜாஜ் அவெஞ்சர் 220 (காலை முன்னால் நீட்டி உட்காரும் குரூஸர் பைக்). நண்பர்கள் 350, 650 சி.சி. வண்டிகளில் விசாகப்பட்டினம் கிளம்புகிறார்கள். கூடப் போக முடியுமா? (திருவொற்றியூர்)

தாராளமாகப் போகலாம், ஆனால் அவர்கள் வேகத்தில் போகக் கூடாது. 19 பி.எஸ். சக்தியும் ஆயில் கூலரும் உள்ள இன்ஜின் அது. 80–85 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க அலுக்காமல் ஓடும். 100-ஐத் தாண்டினால் ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு ஏறி விரல்கள் மரத்துப்போகும், இன்ஜின் ஆயிலும் கூடுதலாகக் குறையும். 650-காரரைத் துரத்திக்கொண்டே 800 கி.மீ. ஓட்டினால் முதலில் களைத்துப்போவது நீங்கள்தான். சேர்ந்தே ஓட்டுவதை விட்டுவிட்டு, சூளூர்ப்பேட்டை, நெல்லூர், ஓங்கோல் என்று சந்திக்கும் இடங்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் நாள் விஜயவாடாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செங்குன்றம் தாண்டியதும் டிரைலர் லாரிகளைத்தான் அதிகம் முந்த வேண்டியிருக்கும். டாப் கியரில் 80-ல் போகும்போது த்ராட்டிலைத் திருகினால் 220 சட்டென்று எழும்பாது. ஒரு கியர் குறைத்து, எதிரும் பின்னும் பார்த்து, அதன் பிறகு வெளியே வாருங்கள். கண்டெய்னரை ஒட்டிப் போகும்வரை அது காற்றை மறைத்துக்கொண்டிருக்கும். அதன் முகப்பைத் தாண்டும் நொடியில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். அதனால் குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மணலி சாலையில் இரண்டு டிரைலர்களுக்கு நடுவே புகுந்து போகும் பழக்கம் இருந்தால் அதைத் தயவுசெய்து மாதவரத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

டேங்க் 13 லிட்டர். 300 கி.மீ.க்கு ஒருமுறை நிரப்பினால் கவலை இல்லை. பின்சக்கரம் 15 அங்குலம், டியூப் டயர். சின்ன ஊர்ப் பஞ்சர் கடைகளில் அந்த அளவு டியூப் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு டியூப் பையில் இருக்கட்டும்.

நான் 5 அடி 2 அங்குலம். கால் தரையில் எட்டும் என்பதால் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 குரூஸர் வாங்கினேன். ஒரு மணி நேரத்தில் வால் எலும்பு வலிக்கிறது. சீட்டை மாற்றினால் சரியாகுமா? (பெரம்பூர், வாசகி)

சீட்டில் கை வைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சீட் உயரம் 765 மி.மீ. என்பது உங்களுக்கு வசதிதான். ஆனால் கால் முன்னால் நீண்டிருப்பதால் உடம்பின் எடை முழுக்க இடுப்புக்கு அடியில் இறங்குகிறது. சாதாரண வண்டியில் பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து லேசாக எழும்பிக்கொள்கிறோம், முட்டி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குரூஸரில் அப்படி எழும்ப வராது, ஒவ்வொரு அடியும் நேராக முதுகுக்குப் போகும். பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் இதற்கு முதல் வைத்தியம்.

அடுத்தது ஹேண்டில்பார். கை எட்டாமல் முன்னால் சரிந்து உட்கார்ந்தால் அடிமுதுகு வில்லாக வளைந்துவிடும். ஹேண்டில்பார் கிளாம்ப் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, பாரை உங்கள் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, நான்கையும் மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். கேபிளோ பிரேக் ஹோஸோ இழுபட்டால் திருப்பியது அதிகம். பார் டேங்கில் இடிக்கவும் கூடாது.

பின்பக்க ஷாக் அப்சார்பர்களின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். தனியாக ஓட்டுபவர், எடையும் குறைவு என்றால் மிக மென்மையான படியில் வைக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். டயர் காற்றைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். "லாங் போறீங்களா, நாலு பாயின்ட் சேர்த்து அடிச்சிடறேன்" என்று பங்கில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நாலு பாயின்ட்டும் உங்கள் முதுகில்தான் வந்து நிற்கும்.

இத்தனையும் செய்த பிறகும் வலித்தால் சீட்டைப் பார்க்கலாம். தொட்டால் மெத்தென்று இருக்கும் ஃபோம் ஒரு மணி நேரத்தில் அமுங்கி அடிப்பலகையில் உட்கார வைத்துவிடும். அடர்த்தியான, கொஞ்சம் கெட்டியான ஃபோம்தான் தாங்கும். பேன்ட் பின்பாக்கெட்டில் பர்ஸோ போனோ வேண்டாம், இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வலி வந்த பிறகு நிறுத்தினால் அன்று முழுக்க அது போகாது. வலிக்காவிட்டாலும் 60 நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள்.

மனைவியோடு வேளாங்கண்ணி போக வேண்டும். பைகளை எங்கே கட்டுவது? (ராயபுரம்)

சீட்டின் இரண்டு பக்கமும், சம எடையில். பேக்ரெஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கேரியரில் கனமான எதையும் வைக்காதீர்கள். பின் ஆக்ஸிலுக்கு அப்பால் எடை ஏறினால் முன்சக்கரம் லேசாகி 80-ல் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். மழைக்கோட்டு, போர்வை மாதிரி லேசானவை அங்கே போகட்டும். சைலன்சர் பக்கத்துப் பை உருகாமல் இருக்க இடைவெளி வேண்டும், தொங்கும் வார் முனைகளை மடித்துக் கட்டுங்கள். சக்கரத்தில் சிக்கினால் ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளும். ப்ரீலோடைக் கூட்டுங்கள், பின் டயருக்கு இருவருக்கான அளவுக் காற்று நிரப்புங்கள். சுமை ஏற்றினால் ஹெட்லைட் மேல்நோக்கிப் போய்விடும். எதிரே வருபவர் கண் கூசாதபடி அதையும் இறக்கி வையுங்கள்.

ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி, சிதம்பரம், காரைக்கால், நாகப்பட்டினம் என்று சுமார் 320 கி.மீ. விடிந்து கிளம்பினால் போதும். திருவிழா நாள்களில், அதாவது ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையும் அதற்கு முந்தைய வாரமும், காவி உடையில் நடந்து போகிறவர்கள் இருட்டில் சாலை ஓரமாக வரிசையாக வருவார்கள். அந்த நேரத்தில் 50-க்கு மேல் வேண்டாம்.

பத்து நாள் நிறுத்தி வைத்தாலே செயின் துருப்பிடிக்கிறது. (எர்ணாவூர்)

உப்புக்காற்று. கடலோரத்தில் 500 கி.மீ.க்கு ஒருமுறை என்ற கணக்கைப் பார்க்காமல் வாரம் ஒருமுறை எண்ணெய் போடுங்கள். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, துணியால் உலர்த்தி, 90 கிரேடு கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓ-ரிங் (இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள) செயினுக்குப் பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகாது, ரப்பர் கெட்டுவிடும். ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது போட்டு, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மிச்சத்தைத் துடையுங்கள். வண்டியை நியூட்ரலில் கையால் தள்ளித்தான் செயினைச் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுத் துடைக்கப் போய் விரல் இழந்தவர்கள் உண்டு. ஸ்போக்குகளையும் அதே எண்ணெய்த் துணியால் துடைக்கலாம், ஆனால் டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக் கூடாது.

2017 அவெஞ்சர் 220 விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்? (தண்டையார்பேட்டை)

அது கார்புரேட்டர் வண்டி, தூரப் பயணத்துக்கு அதுவே ஒரு வசதி. வழியில் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் தட்டி நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. ஆயில் கூலர் குழாய் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா, இரண்டு ஸ்பார்க் பிளக்கும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஸ்போக்கை ஒவ்வொன்றாகத் தட்டினால் தளர்ந்தது மட்டும் மந்தமாகச் சத்தம் தரும். டயர் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 1518 என்றால் 2018-ன் 15-வது வாரத்தில் செய்தது. கட்டை நன்றாக இருந்தாலும் அந்த டயரோடு தூரம் போகாதீர்கள்.

எங்கள் தெரு புல்லட் மெக்கானிக் மீட்டியோரையும் பார்ப்பாரா? (மணலி)

என்ஃபீல்டு 1950-களிலேயே திருவொற்றியூரில் காலூன்றியது. அதனால் பழைய புல்லட்டை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையவே இருக்கிறார்கள். மீட்டியோரின் இன்ஜின் வேறு, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வேறு. பிரேக், செயின், கேபிள் வேலையை அவரிடமே கொடுங்கள். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

கொல்லிமலைக்குக் குரூஸர் ஏறுமா? (மாதவரம்)

ஏறும். 70 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டாவது கியர் போதும். நீளமான வண்டி என்பதால் வளைவை அகலமாக எடுக்க வேண்டும், அதிகம் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். இறங்கும்போதும் அதே கியர். பின் டிரம் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும்.