யானைக்கு வேலி உண்டு, வேலிக்கு ஆள் உண்டா?

கேள்வி: வெளிநாட்டுக்காரர்கள் நம் யானைக்கும் சிறுத்தைக்கும் கோடி கோடியாக அள்ளித் தருகிறார்களாமே! வைத்தியசாலையில் மருந்துக்காக வரிசையில் நிற்கும் நாட்டுக்கு இந்தப் பிச்சை எதற்கு?
– வாசகி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: அள்ளித் தருகிறார்களா? 2016இல் உலக வங்கி நம் காடுகளுக்கும் வனவிலங்குகளுக்குமாக 4.5 கோடி டொலர் கொடுத்தது. அதற்குப் பெயர் கடன், அம்மா. சலுகைக் கடன்தான், ஆனாலும் கடன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியபோது அந்தக் கடனின் ரூபாய்ப் பெறுமதியும் கூடவே தாவியது. வாங்கிய பிச்சையைத் தவணை முறையில் திருப்பிக் கட்டுகிற பிச்சைக்காரனை நான் பார்த்ததில்லை.

இனாமாக வருவதும் உண்டு. அது கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் 2025 ஜூலையில் கடையைக் கட்டியது. அதை நம்பியிருந்த ஆபிரிக்க வேட்டைத் தடுப்புப் பணிகள் தடுமாறிப்போயின. 2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள், வளரும் நாடுகளின் உயிர்ப்பல்வகைமைக்கு 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி டொலராவது போக வேண்டும் என்று எழுதி ஒப்புக்கொண்டன. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரி: இயற்கையைக் கெடுக்கும் மானியங்களை 2030க்குள் ஆண்டுக்கு 50,000 கோடி டொலராவது குறைக்க வேண்டுமாம். குறைக்க வேண்டிய பங்கே இவ்வளவு என்றால், கொடுத்துக்கொண்டிருக்கும் மொத்தத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கு வருகிறேன். யானையின் பெயரில் வரும் பணத்தை நாம் வேண்டாம் என்றால், அது மருந்துக் களஞ்சியத்துக்கு வராது. வேறொரு நாட்டின் காண்டாமிருகத்துக்குப் போகும்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். சில காலத்துக்கு முன் கொழும்பில், காலிமுகத்திடலுக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், யானை–மனித மோதல் பற்றிய கருத்தரங்குக்குப் போயிருந்தேன். யானைப் படம் அச்சிட்ட துணிப்பை, பேனா, பற்கள் கிட்டும் அளவுக்குக் குளிர். மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வரவழைத்த விவசாயி ஒருவருக்குப் பேச ஐந்து நிமிடம். அதில் பாதியை மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்டார். விவசாயி சொன்னது இவ்வளவுதான்: "வேலி போட்டார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். பற்றரி செத்து இரண்டு போகம் ஆகிறது."

மின்வேலியில் யானையைத் தடுப்பது கம்பி மட்டுமல்ல, கம்பிக்குக் கீழே புல் வெட்டுகிற ஆளும்தான். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். யானை அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் எடுப்பதில்லை. கம்பத்தைக் காலால் சாய்த்துவிட்டு வயலில் இறங்கிவிடும். வெளிநாட்டுப் பணத்தில் வேலி போடும் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபின் அந்தப் புல்லுக்குக் கூலி யார் கொடுப்பது? கிலோமீற்றர் கணக்குக் காட்டினால் அறிக்கை அழகாக இருக்கும். புல் வெட்டியதை யார் அறிக்கையில் படம் போடுவார்கள்? நாட்டில் இன்று 4,500 கிலோமீற்றருக்கும் மேல் வேலி இருக்கிறது. 2023இல் மட்டும் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள்.

இதில் வேடிக்கை, பல வேலிகள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் நடுவே நிற்கின்றன. இரண்டு பக்கமும் யானை! எல்லை திணைக்களங்களுக்குத்தான்.

மாற்று வழி தெரியாமலும் இல்லை. யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இலேயே தேசியத் திட்டம் ஒன்றைக் கொடுத்தது. வேலியைக் காட்டோரத்தில் போடாமல் ஊரையும் வயலையும் சுற்றிப் போடுவது. வயல் வேலியை விதைப்புக்குக் கட்டி, அறுவடையானதும் விவசாயிகளே சுருட்டி வைத்துக்கொள்வது. தன் நெல்லைக் காக்கிற வேலிக்கடியில் புல் வெட்ட எந்த விவசாயிக்கும் சுற்றறிக்கை தேவையில்லை.

ஆகவே பணம் வரட்டும், அம்மா. கையெழுத்திடும் முன் ஆறாவது ஆண்டுப் பற்றரிக்கு யார் பொறுப்பு என்று நம் அதிகாரிகள் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கருத்தரங்குப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க உதவுகிறது.