விண்டோஸ் பேக்கப்பை உபுண்டுவில் ஏற்றியதும் 1146 பிழை

விண்டோஸில் எடுத்த மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் பேக்கப்பை உபுண்டு லினக்ஸில் ஏற்றியதும் டேபிள் இல்லை என்ற 1146 பிழை வருகிறதா? டேட்டா எங்கும் போகவில்லை, பயப்படாதீர்கள். ஷோ டேபிள்ஸ் கட்டளை காட்டும் பட்டியலில் ஆர்டர்ஸ் டேபிள் தெரிகிறது, உங்கள் பிஎச்பி கோடு கேட்டால் மட்டும் இல்லை என்கிறது என்றால், பெரும்பாலும் ஆங்கிலப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம்தான்.

விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயர்களை இயல்பாகவே சிறிய எழுத்தாக்கிச் சேமிக்கும். கோடில் எப்படி எழுதினாலும் கண்டுகொள்ளாது. லினக்ஸில் அப்படியில்லை, ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு டேபிள்.

டேபிள் பெயர்களில் எழுத்து வித்தியாசம் பார்ப்பதா என்று முடிவு செய்யும் லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் செட்டிங்கின் மதிப்பை ஷோ வேரியபிள்ஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள். 0 என்று வந்து, பட்டியலில் உள்ள பெயரும் கோடில் உள்ள பெயரும் எழுத்தில் வேறுபட்டால் அதுதான் காரணம்.

அப்புறம் இரண்டு வழி. கோடில் பெயர்களைச் சிறிய எழுத்தாக மாற்றலாம். நான் இதைத்தான் சொல்வேன். கோடைத் தொட முடியாவிட்டால், ரீநேம் டேபிள் கட்டளை போட்டு டேபிள் பெயரைக் கோடில் உள்ளபடி மாற்றுங்கள். ஃபாரின் கீக்கள் (டேபிள்களை ஒன்றோடொன்று இணைப்பவை) தானாகச் சரியாகிவிடும், ஆனால் வியூக்களும் (சேமித்து வைத்த குவெரிகள்) ஸ்டோர்டு புரொசீஜர்களும் (டேட்டாபேஸுக்குள் சேமித்த நிரல்கள்) பழைய பெயரையே தேடும். அவற்றை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ் மதிப்பை 1 ஆக்கச் சொல்லும் பழைய பதில்களை நம்பி கான்ஃபிக் ஃபைலில் கை வைக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 பதிப்பு முதல், சர்வரின் டேட்டா ஃபோல்டரை முதன்முதலில் உருவாக்கும்போது (இனிஷியலைஸ்) மட்டுமே அதை அமைக்க முடியும். பிறகு மாற்றினால் சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது.