முதல் வீடு: வக்கீல் ஃபீஸும் பத்திரச் செலவும் – கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேல் சொத்துப் பத்திரங்களைப் புரட்டிய வக்கீல் நான். தமிழ்நாட்டில் முதல்முறை வீடு வாங்குகிறவர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சி, ஆசிரியை: பழைய தனி வீடு, 40 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். வக்கீல், பத்திரம் எல்லாம் சேர்த்து எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் சார்?

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள் அம்மா. அரசுக்குப் போவதுதான் பெரிய தொகை. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 3,60,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு, அதாவது அந்த இடத்துக்கு அரசு வைத்திருக்கும் விலை, நீங்கள் பேசிய விலையை விடக் கூடுதலாக இருந்தால் அதன் மேல் கணக்கு. 2023 மார்ச் வரை பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அதைக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள், அதனால் ரொம்பவும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இந்தப் பணத்துக்குப் பெரும்பாலும் வங்கிக் கடன் வராது, கைக்காசுதான் போட வேண்டும். இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்திரம் பார்க்க வக்கீல் வாங்குவது சிறு தொகை. ஆனால் எல்லோரும் பேரம் பேசுவது அதில்தான்!

கோவை: பேங்க் வக்கீலே லீகல் பார்த்து ஓகே சொல்லிவிட்டார். அதற்கும் என்னிடம்தான் பணம் வாங்கினார்கள். இன்னொரு வக்கீல் எதற்கு?

பணம் உங்களுடையது தம்பி, ஒபினியன் (பத்திரங்களைப் பார்த்து வக்கீல் எழுதித் தரும் கருத்து) வங்கியுடையது. கொடுத்த கடன் திரும்புமா என்பதுதான் அவர்கள் கவலை.

என்னிடம் வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். உயில் எழுதாமல் அப்பா இறந்துவிட்டார். அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டை மூன்று மகன்கள் கையெழுத்துப் போட்டு விற்றார்கள். ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, துளிக்கூடக் கறையில்லாமல் இருந்தது. வங்கியும் கடன் கொடுத்தது. வாங்கியவர் குடிவந்து இரண்டு வருடம் கழித்து, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் பங்கு கேட்டு நோட்டீஸ் விட்டார். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும், மகள் தெரிய மாட்டாள். வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்து, அக்கம்பக்கத்தில் "அவங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். உங்கள் வக்கீல் செய்ய வேண்டிய வேலை அதுதான். தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறி வந்த பழைய பத்திரம்), குறைந்தது 30 வருட ஈசி, பட்டா, வாரிசுச் சான்று, பவர் (உரிமையாளர் சார்பில் விற்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இருந்தால் அதைக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்பது, எல்லாவற்றையும் உங்களுக்காகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேலம்: பத்திர எழுத்தரே எல்லாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாரே?

பத்திரத்தை நன்றாகவே எழுதுவார். விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று அலசுவது அவர் வேலை இல்லை.

சென்னை, தாம்பரம்: பில்டரிடம் புது ஃபிளாட், 48 லட்சம். இதற்கும் 9 சதவீதமா?

இல்லை. 2023 டிசம்பரிலிருந்து நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். பில்டரிடமிருந்து முதல் விற்பனை என்றால் 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4, பதிவு 2. உங்களுக்கு 2,88,000 ரூபாய். 50 லட்சத்தைத் தாண்டினால் 3 கோடி வரை 5 கூட்டல் 2. பழைய ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. பில்டர் "டாக்குமெண்டேஷன் சார்ஜ்" என்று தனியாக ஒன்று போடுவார். அது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், பல நேரம் கேட்டாலே குறையும்.

மதுரை: பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடு என்கிறார் விற்பவர். செலவு மிச்சம்தானே அண்ணா?

மிச்சம் அவருக்கு. நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரியும், லாபம் பெரிதாகத் தெரியும், வரி உங்கள் தலையில் விழும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பணத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. அதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

ஈரோடு: வக்கீல் சொத்து மதிப்பில் 1 சதவீதம் கேட்கிறார், ஜிஎஸ்டி வேறாம்.

சதவீதக் கணக்கு வேண்டாம். 30 லட்சம் வீட்டுக்கும் 90 லட்சம் வீட்டுக்கும் புரட்டுகிற காகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒபினியனுக்கு எவ்வளவு, கிரயப் பத்திர வரைவுக்கு எவ்வளவு, பதிவன்று ஆபீசுக்கு வர எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசுங்கள். சொந்தத்துக்கு வீடு வாங்கும் தனிநபருக்கு வக்கீல் ஃபீஸில் ஜிஎஸ்டி கிடையாது.

நெல்லை: பதிவு முடிந்தது. இனி செலவு இல்லையே?

கடன் வாங்கியிருந்தால் எம்ஓடி, அதாவது பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிவு உண்டு, கடன் தொகையைப் பொறுத்துக் கட்டணம். அப்புறம் பட்டா, மின் இணைப்பு, வீட்டு வரி பெயர் மாற்றம். கடைசித் தவணை கட்டியதும் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எம்ஓடியை ரத்து செய்யும் ரசீதையும் பதிய வேண்டும். இல்லையென்றால் பத்து வருடம் கழித்தும் ஈசியில் வங்கியின் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும்.