புரட்சித் திருமணம் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: நாங்கள் இருவரும் வேறு வேறு சாதி. ஐயர், சடங்கு, தாலி எதுவும் இல்லாமல் புரட்சித் திருமணம் செய்துகொள்ள ஆசை. பிற்காலத்தில் செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வக்கீல் அறையிலேயே ஒரு மணி நேரத்தில் முடித்து, சான்றிதழும் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, மதுரை

பதில்: திருமணம் செல்லும். புரோக்கரை நம்பாதீர்கள்.

உங்கள் பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். பெரியார் தொடங்கிவைத்த சுயமரியாதை முறையில் நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-ல் தீர்ப்பளித்தது. மாலை மாற்றிக் குடும்பம் நடத்தியவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை உண்டா என்ற கேள்வி அதன்பின் பல ஆண்டுகள் தொங்கியது. 1967-ல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில், ஐயரும் சடங்கும் இல்லாத இத்தகைய திருமணத்தை ஏற்கும் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. ஏற்கெனவே நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. ஊர் பழித்ததைச் சட்டம் ஏற்கும்படி செய்தார்களே, அதைத்தான் நான் புரட்சி என்பேன். ஆட்சி மாறும்போதெல்லாம் அந்தச் சொல்லை வீணடிக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உறவினரோ நண்பரோ நாலு பேர் முன்னிலையில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லுங்கள். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளுங்கள். தாலி கட்டாயமில்லை.

இனி அந்தச் சான்றிதழ். என்னிடம் ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து, குடும்ப ஓய்வூதியம் கேட்டிருக்கிறார். கையில் இருந்தது வக்கீலின் ரப்பர் ஸ்டாம்ப் அடித்த ஒரே ஒரு தாள். புகைப்படமில்லை, சாட்சியில்லை. அலைக்கழித்துவிட்டார்கள். வக்கீல் நண்பராக வந்து நிற்கலாம், தொழிலாகத் திருமணம் நடத்திவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிவிட்டது. இந்த வியாபாரம் மட்டும் நின்றபாடில்லை.

ஒன்றை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு இடையே மட்டும்தான். சீக்கியர், பௌத்தர், சமணரும் அதில் அடக்கம். கடவுள் நம்பிக்கை இல்லாவிட்டாலும் இந்துவாகப் பிறந்தவர் சட்டத்துக்கு இந்துவே. ஆனால் உங்களில் ஒருவர் கிறிஸ்தவர் என்றால் மாலை மாற்றியது போதாது. வீட்டில் சாமி படம் இருந்தாலும் சரி, பெயர் தமிழ்ப் பெயராக இருந்தாலும் சரி, போதாது. 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகலாம். அங்கே 30 நாள் உங்கள் பெயரை அலுவலகப் பலகையில் ஒட்டிவைப்பார்கள். சாதி வெறிக்குப் பயந்து வருகிற பிள்ளைகளை இப்படி ஊருக்குக் காட்டிக்கொடுப்பது என்ன நியாயமோ!

திருமணம் முடிந்த 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் "கோயில் ரசீது எங்கே?" என்று கேட்டால், 7-ஏ பிரிவின் நகலைக் காட்டி, மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.