நர்சிங் படிக்க ஆசை, இங்கிலீஷ்தான் பயம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: “மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம். இப்போது பிளஸ் டூ பயாலஜி. நர்சிங்தான் படிப்பேன் என்றிருந்தவள், பாடமெல்லாம் இங்கிலீஷ் என்று தெரிந்ததும் ‘பி.ஏ. தமிழே போதும்மா’ என்கிறாள். பொள்ளாச்சியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடட்டுமா?”

அம்மா, தமிழ் மேல் ஆசைப்பட்டு பி.ஏ. தமிழ் எடுத்தால் எனக்கும் சந்தோஷம்தான். இங்கிலீஷுக்குப் பயந்து எடுக்க வேண்டாம். ஸ்போக்கன் வகுப்புக்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பாடப் புத்தகத்தில் வரும் நீளநீளமான வார்த்தைகள்தான் அவளை மிரட்டுகின்றன. அதற்கு வைத்தியம் வேறு.

இதே பயத்தோடு வரும் பிள்ளைகளிடம் நான் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுப்பேன். ‘போர்ட்’ என்ற சத்தம் வருகிற, உனக்குத் தெரிந்த வார்த்தைகளைத் தமிழிலேயே எழுது, போதும் என்பேன். வேலந்தாவளம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுதியது இது: டிரான்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட், இம்போர்ட், போர்ட்டர், ரிப்போர்ட், சப்போர்ட், ஸ்போர்ட்ஸ், பாஸ்போர்ட், ஏர்போர்ட். இங்கிலீஷே வராது என்று உட்கார்ந்தவன், ஒன்பது வார்த்தை எழுதிவிட்டான்.

இங்கிலீஷுக்கு நிறைய வார்த்தைகளைக் கொடுத்த பழைய ரோமானியர் மொழி லத்தீன். அதில் ‘போர்ட்டாரே’ என்றால் சுமப்பது. பாலக்காடு ஜங்ஷனில் பெட்டி சுமப்பவர் போர்ட்டர். ‘எக்ஸ்’ என்றால் வெளியே. திருப்பூர் பனியன் வெளிநாட்டுக்குப் போனால் எக்ஸ்போர்ட். ‘டிரான்ஸ்’ கடந்து போவது. ‘ரி’ திரும்ப, போய்ப் பார்த்த சேதியைத் திரும்பச் சுமந்து வந்தால் ரிப்போர்ட். ‘சப்’ கீழே, கீழே நின்று சுமந்தால் சப்போர்ட், நம் பந்தக்கால் மாதிரி. ஸ்போர்ட்ஸ் எப்படி இதில் வந்தது என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். அதன் பழைய வடிவம் ‘டிஸ்போர்ட்’. மனதை வேலையிலிருந்து அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போவது. முன்னால் இருந்த ‘டி’ உதிர்ந்துபோனது.

பாஸ்போர்ட், ஏர்போர்ட் இரண்டும் வேறு வீடு. அங்கே இருப்பது துறைமுகத்தைக் குறிக்கும் ‘போர்ட்டுஸ்’. தூரத்துச் சொந்தம் உண்டு, உடன்பிறப்பு இல்லை.

‘நட’ என்பதிலிருந்து நடை, நடத்தை, நடப்பு, நடத்துநர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த தமிழ் மீடியம் பிள்ளைக்கு இது புது வித்தை அல்ல. நாம் ஒட்டைப் பின்னால் வைக்கிறோம். லத்தீன் முன்னாலும் வைக்கிறது. புணர்ச்சிகூட உண்டு. ‘மரம்’, ‘கள்’ சேர்ந்தால் மரங்கள் ஆகிறதல்லவா, அப்படித்தான் ‘இன்’ என்பது ‘போர்ட்’டுக்கு முன்னால் ‘இம்’ ஆகி இம்போர்ட் ஆகிறது. ‘ரெகுலர்’ முன்னால் ‘இர்’, ‘லீகல்’ முன்னால் ‘இல்’. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: இம்போர்ட்டில் வரும் ‘இன்’னுக்கு உள்ளே என்று பொருள், இர்ரெகுலரில் வருவதற்கு ‘இல்லை’ என்று பொருள். ஒரே வேஷம் போட்ட இரண்டு ஆட்கள்.

லத்தீன் எப்படி இங்கிலீஷுக்குள் நுழைந்தது என்பது பெரிய கதை. 1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, லத்தீனின் பிள்ளையான பிரெஞ்சு வழியாக ஏராளமாக வந்தது. படித்தவர்கள் நேராக எடுத்தது இன்னொரு பங்கு. இப்போதைக்கு இது போதும்.

இனி நர்சிங். ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றும் ஒரே வேர். விருந்தினரையும் விருந்து கொடுப்பவரையும் லத்தீனில் ‘ஹாஸ்பெஸ்’ என்பார்கள். வந்தவரைத் தங்கவைத்துக் கவனிக்கும் இடங்கள் இவை. ‘பேஷன்ட்’டும் பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’ஸும், வேதனையைத் தாங்குவதைச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

மருத்துவத்தில் லத்தீனோடு கிரேக்கமும் கலந்து கிடக்கும். வீட்டில் யாராவது சிறுநீரகத்துக்கு வைத்தியம் பார்த்திருந்தால் பழைய ஃபைலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டரின் பிரிவு ‘நெஃப்ராலஜி’ என்றிருக்கும், லேப் சீட்டில் ‘ரீனல் ஃபங்ஷன் டெஸ்ட்’ என்றிருக்கும். ‘நெஃப்ரோஸ்’ கிரேக்கம், ‘ரென்’ லத்தீன். இரண்டும் அதே சிறுநீரகம்தான். இது தெரியாமல் இரண்டு வியாதி என்று பயந்தவர்கள் உண்டு.

கடைகளில் விற்கும் நூற்றுக்கணக்கான வேர்களின் பட்டியலை வாங்கி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அது இன்னொரு சுமை. வாரத்துக்கு இரண்டு வேர் போதும். பயாலஜி பாடத்தில் இடறும் வார்த்தையை உடைத்து, அதே வேரில் தனக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தை உண்டா என்று தேடட்டும். பிறகு அகராதியில் சரிபார்க்கட்டும், ஏனென்றால் ஊகம் சில நேரம் கவிழ்த்துவிடும்.

இது பேச்சைக் கற்றுத் தராது, இலக்கணத்தையும் தராது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூவில் இங்கிலீஷ் தனியாகப் பாஸ் ஆகியிருக்க வேண்டும். அதற்கு அவள் பழைய வினாத்தாள்களைத்தான் எழுதிப் பழக வேண்டும். அப்புறம் வார்டு. கேரளத்தில் படித்தால் நோயாளியிடம் பேசப்போவது பெரும்பாலும் மலையாளம். அது உங்கள் தெருவிலேயே அவளுக்கு வந்திருக்குமே!

பி.ஏ. விண்ணப்பத்தை இப்போது நிரப்ப வேண்டாம். ஒரு மாதம் இந்த வேர்களுக்கென்று ஒரு நோட்டு போடட்டும், அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். வரும்போது இடறிய வார்த்தைகளைச் சிவப்பு மையில் எழுதி வரச் சொல்லுங்கள். முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன்.