போரில் மாண்ட ரயில்வே தொழிலாளர்களின் நினைவுச் சின்னங்கள்: கேள்வி பதில்

முதல் உலகப்போரில் உயிரிழந்த பிரிட்டன் ரயில்வே தொழிலாளர்களுக்காக அந்நாட்டு நிலையங்களில் வைக்கப்பட்டுள்ள நினைவுச் சின்னங்கள் குறித்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ரயில்வேயிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், அந்தப் பெயர்களை வெறும் வரலாறாக என்னால் படிக்க முடிவதில்லை.

கேள்வி (பொன்மலை): ரயில் ஓடாவிட்டால் போரே நடக்காது. அப்படியிருக்க, ரயில்வே ஊழியர்களை எப்படிப் படைக்கு அனுப்பினார்கள்? எத்தனை பேர் இறந்தார்கள்?

1914 ஆகஸ்டில் போர் மூண்ட உடனேயே பிரிட்டன் அரசு ரயில்வேக்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஆனால் அன்றாட இயக்கத்தை ரயில்வே கம்பெனிகளின் பொது மேலாளர்கள் அடங்கிய செயற்குழுவிடமே விட்டுவைத்தது. ஆட்கள் எல்லோரும் போய்விட்டால் வண்டிகள் நின்றுவிடும் என்பதால், படையில் சேர விரும்பிய ஊழியர் கம்பெனியின் இசைவைப் பெற வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1,80,000-க்கும் மேற்பட்டோர் சென்றார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலைகளில் பெண்கள் அமர்ந்து, டிக்கெட் சோதித்தார்கள், சுமை தூக்கினார்கள், இன்ஜின் துடைத்தார்கள்.

சென்றவர்களில் பெரும்பாலோர் காலாட்படையிலும் கடற்படையிலும் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் ராயல் இன்ஜினியர்ஸ் படையின் ரயில் இயக்கப் பிரிவில் சேர்ந்து, பிரான்சிலும் தாங்கள் கற்ற தொழிலையே செய்தார்கள். குண்டு விழுந்து பிளந்த மண்ணில் 60 சென்டிமீட்டர் அகலச் சிறு தண்டவாளங்களைப் போட்டு, பீரங்கிக் குண்டுகளைப் போர்முனைக்கு ஏற்றிச்சென்று, திரும்பும்போது காயம்பட்டவர்களைக் கொண்டுவந்த அந்த வேலையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. 1919 மே 14 அன்று லண்டன் செயிண்ட் பால் பேராலயத்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் நடந்த வழிபாடு 18,957 ரயில்வே ஊழியர்களின் நினைவுக்காக நடந்தது. பிற்காலத்தில் யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் பட்டியல் 20,000 பெயர்களைத் தாண்டியது.

கேள்வி (மதுரை): இந்தச் சின்னங்களை அரசு கட்டியதா?

இல்லை, அந்தந்த ரயில்வே கம்பெனி கட்டியது. அப்போது அந்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ரயில்வே கம்பெனிகள் இருந்தன. 1921ஆம் ஆண்டுச் சட்டப்படி 1923 ஜனவரி 1 முதல் அவை நான்கு பெருங்கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. பெரும்பாலான சின்னங்கள் 1920-க்கும் 1924-க்கும் இடையே எழுந்தவை. அதாவது, தன் பெயரே மறையப்போகிறது என்று தெரிந்த காலத்தில் ஒரு கம்பெனி தன் தொழிலாளியின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு முன்னே லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனி எழுப்பிய தூணை 1921 அக்டோபரில், போரில் பிரிட்டன் படைக்குத் தலைமை வகித்த ஹெய்க் பிரபு திறந்துவைத்தார். அது 3,719 பேருக்கானது. தலை கவிழ்ந்து நிற்கும் நான்கு வெண்கல வீரர்கள் அதன் நான்கு பக்கமும் காவல் நிற்கிறார்கள். பழைய யூஸ்டன் நிலையத்தின் புகழ்பெற்ற நுழைவு வளைவை 1960-களின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளியபோதும் இந்தத் தூண் தப்பியது.

கேள்வி (கோயம்புத்தூர்): பெயர்களை எந்த வரிசையில் எழுதினார்கள்? அதிகாரிகள் முதலில் வருவார்களா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. லண்டன் கிங்ஸ் கிராஸில் 937 பேரின் பெயர்கள் அகர வரிசையில் உள்ளன. டார்பி நகரில் மிட்லண்ட் ரயில்வேக்காகக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த சின்னத்தில் 2,833 பெயர்களும் அகர வரிசையில், படைப் பதவி எதுவும் குறிக்கப்படாமல் நிற்கின்றன. சீருடை, குவார்ட்டர்ஸ், பாஸ் என்று எல்லாவற்றிலும் பதவி பார்க்கும் துறை ரயில்வே. அங்கே ஒரு கிளார்க்கின் பெயருக்கு மேலே ஒரு போர்ட்டரின் பெயர் நிற்பது சிறிய செய்தி அல்ல. மிட்லண்ட் ரயில்வே இறந்தவர்களின் பெயர்களை ஒரு நூலாகவும் அச்சிட்டு, அவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பிவைத்தது.

இது நடக்க முடிந்ததற்கு அடிப்படைக் காரணம் பணிப் பதிவேடு. யார் எந்த நிலையத்தில் என்ன வேலை பார்த்தார், எப்போது படைக்குப் போனார் என்பது எழுத்தில் இருந்ததால்தான் பின்னர் அதைக் கல்லுக்கு மாற்ற முடிந்தது.

கேள்வி (தஞ்சாவூர்): லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ஒரு சிப்பாயின் சிலையைப் பார்த்தேன். அதில் பெயர்களே இல்லையே?

பெயர்கள் இருக்கின்றன, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 2,524 பேரின் பெயர்களைத் தோல்சுருளில் எழுதி, கம்பெனியின் ஸ்விண்டன் பணிமனையிலேயே செய்த பேழையில் முத்திரையிட்டுப் பீடத்தினுள் வைத்தார்கள். 1922 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர், தாமும் அந்தப் போரில் காயம்பட்டவரான சார்ல்ஸ் ஜாகர். கனத்த கோட்டும் கழுத்துத் துண்டுமாக நிற்கும் அந்தச் சிப்பாய் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான். வாளும் வெற்றிமாலையும் இல்லாத அந்த அமைதிதான் அதை எல்லாவற்றிலும் உயர்ந்ததாக்குகிறது என்பது என் கருத்து. 2014இல் அந்தச் சிப்பாய்க்குக் கடிதம் எழுதும்படி பொதுமக்களைக் கேட்டபோது 21,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. இரண்டாம் உலகப்போரையும் சேர்த்து 3,312 ஆண்களும் பெண்களும் மாண்டதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

கேள்வி (பெரம்பூர்): போரில் மாண்டவர்களின் நினைவாக இன்ஜின்களுக்குப் பெயர் வைத்ததுண்டா?

உண்டு. லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனி 1920இல் கட்டிய இன்ஜினுக்கு ‘பேட்ரியட்’ (தேசபக்தன்) என்று பெயரிட்டு, போர் தொடங்கிய ஆண்டான 1914 என்பதையே அதன் எண்ணாகவும் கொடுத்தது. கிரேட் சென்ட்ரல் ரயில்வே ‘வேலர்’ (வீரம்) என்ற பெயரையும், லண்டன் பிரைட்டன் கம்பெனி ‘ரிமெம்பரன்ஸ்’ (நினைவு) என்ற பெயரையும் சூட்டின. லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்: தோழனின் நினைவைத் தினமும் துடைத்து, கரி போட்டு, ஓட்டிச் சென்றார்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஒரு கப்பல் தலைவருக்கு ஏன் நினைவுச் சின்னம்?

அவரும் ரயில்வே ஊழியர்தான். இங்கிலாந்துக்கும் ஐரோப்பியக் கரைக்கும் இடையே கடல் கடக்கும் கப்பல்களை அக்காலத்தில் ரயில்வே கம்பெனிகளே நடத்தின. கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ‘பிரஸ்ஸல்ஸ்’ கப்பலை ஓட்டிய சார்ல்ஸ் ஃபிரையட், 1915 மார்ச்சில் தம்மைத் தாக்க வந்த ஜெர்மன் நீர்மூழ்கியை நோக்கியே கப்பலைத் திருப்பிச் செலுத்தித் தப்பினார். மறு ஆண்டு ஜூனில் பிடிபட்ட அவரை, ஜூலை 27 அன்று பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் விசாரித்து அன்றே சுட்டுக் கொன்றார்கள். 1919இல் அவர் உடலைத் தாயகத்தில் ஏற்றிச்சென்ற அதே ரயில் பெட்டிதான் 1920இல், அடையாளம் தெரியாமல் மாண்ட அனைவரின் சார்பாக அடக்கம் செய்யப்பட்ட பெயர் தெரியாத போர்வீரனின் உடலையும் லண்டனுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டி இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

கேள்வி (ஈப்போ, மலேசியா): ஐயா, என் பாட்டனாரின் அண்ணன் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் பெயர் எங்காவது இருக்குமா?

உங்கள் கேள்விக்கு விடை எழுத எனக்கு மனம் கனக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் 1942-43இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் மட்டும் 6,982 பேரின் கல்லறைகள் வரிசையாக, பராமரிக்கப்பட்டு இருக்கின்றன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலுவில் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரில் பல பத்தாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் இறந்தார்கள். 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களுக்குப் பெயர் எழுதிய கல்லறைகள் இல்லை. படைவீரனுக்கு எண்ணும் பட்டியலும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒன்றைப் பேணிக் காக்க யாரும் இல்லை.

ஜப்பானியரே 1944இல் காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத் தூணில் தமிழிலும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொன்றவர்களே வைத்த கல் என்பதால் அதை வாசிப்பது எளிதல்ல. மலேசியத் தமிழர்களின் நெடுநாள் முயற்சியால் 2023இல் அங்கே ஒரு நடுகல் நாட்டப்பட்டது. தமிழ்நாடு அரசும் அதற்கு நிதி அளித்தது.

உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இன்னும் இருந்தால், அவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், அழைத்துச் செல்லப்பட்ட ஆண்டு, கூடப் போனவர்கள், இவற்றை உடனே கேட்டு எழுதி வையுங்கள். கூடப் போனவர்களில் திரும்பி வந்தவர் யாராவது இருந்தால், அவர் குடும்பத்திடமும் கேளுங்கள்.